நாலாவது கூடு

கேட்டுப் பாருங்கள், பலெர்மோவில் எங்கள் சனம் இருக்கிற எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் சொல்வார்கள், சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்வார்களே தவிர இல்லையென்று ஒருவரும் மறுக்கமாட்டார்கள்: சிவயோகம் மூன்று பேருக்கு மா குழைத்தால் நாலு பேருக்குப் பாஸ்தா வரும். கள்ளமாய் மா கூடப் போடுகிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கொரு பிடி, அதுதான் கணக்கு, இத்தாலிக்காரர் தலையை எண்ணிப் பிடியை எண்ணுகிற ஆட்கள். கோதுமை ரவையை இன்னொருக்கால் அரைத்தெடுத்த அந்த மஞ்சள் மாவைப் பலகையில் குவித்து, நடுவில் குழி பறித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரும் உப்பும் விட்டு, உள்ளங்கைக் குதியால் அழுத்தி அழுத்திக் காதுச் சோணை பதம் வரும்வரைக்கும் குழைத்து, கோப்பையால் மூடி அரை மணித்தியாலம் விட்டு, நீளக் கட்டையால் பாய் மாதிரி விரித்து, மா தூவி, பாய் சுருட்டுகிற மாதிரியே சுருட்டி, கத்தியால் ஒடுக்கமாய் வெட்டி, உதறி, விரலில் சுற்றிச் சுற்றி, குருவிக்கூடு மாதிரித் துணியில் வைக்கவேண்டும். ஆளுக்கொரு கூடு. மூன்று கூடு வைத்துவிட்டு உலை கொதிக்குதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வந்தால் துணியில் நாலு கூடு இருக்கும்.

முதன்முதல் அது வந்தது சிவயோகம் வேலை செய்த வீட்டில், சின்யோரா நுன்சியாவின் குசினியில். நுன்சியாவுக்கு எண்பத்திரண்டு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. கடையில் விற்கிற பாஸ்தாவைக் கண்டால் செருப்பை அவித்து வைத்த மாதிரி முகத்தைச் சுளிப்பாள். அதனால் அவள் கதிரையில் இருந்து அதட்ட, சிவயோகம் நின்று குழைத்தாள். இரண்டு பேர், இரண்டு பிடி, இரண்டு கூடு. உலையில் உப்புப் போட்டுவிட்டுத் திரும்பினால் மூன்று. தான்தான் எண்ணத் தெரியாமல் சுற்றிவிட்டேனாக்கும் என்று சிவயோகம் நினைத்தாள். நுன்சியா அந்த மூன்றாவது கூட்டைப் பார்த்தாள், நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள், பிறகு சிவயோகத்தைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். கடைசியில், "அதையும் நீயே சாப்பிடு, யோகா," என்றாள்.

அன்று பின்னேரம் வீட்டில் குழைத்தாள், புருஷன் தர்மகுலத்துக்கும் மகள் அபிராவுக்கும் தனக்குமாக மூன்று பிடி. நாலு கூடு வந்தது. மறுநாளும் நாலு. அதற்கு மறுநாளும் நாலு. நாலாம் நாள் சிவயோகம் குசினி நிலத்திலே அப்படியே குந்திவிட்டாள், முகமெல்லாம் மா, அந்த மாவில் கண்ணீர் கோடு கோடாக இறங்குகிறது, வாய் சிரிக்கிறது.

"என்னடி, என்ன நடந்தது?" என்று தர்மகுலம் ஓடிவந்தார்.

"ரூபன் இருக்கிறான், அப்பா! பாருங்கோ, எண்ணிப் பாருங்கோ. அவனுக்குப் பசிக்குது. பசிக்கிறதெண்டால் உயிரோடை இருக்கிறான் எண்டுதானே!" என்று சிவயோகம் புருஷனைப் பிடித்து உலுக்கினாள்.

ரூபன் அவளுடைய மூத்தவன். தர்மகுலம் முந்தித் தனியே இத்தாலிக்கு வரும்போது அவனுக்கு ஆறு வயது, அவர் அவனைக் கடைசியாகத் தூக்கியது அந்த வயதில். பிறகு தாயும் பிள்ளைகளும் வன்னியில், சண்டை அவர்களை ஊர் ஊராகத் துரத்தி, கடைசியில் கடலும் களப்பும் நெருக்கிய ஒரு துண்டு மணலில் கொண்டுபோய் விட்டது. வெளியே வந்த வெட்டையில், அந்த வெறும் வெளியில், ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இயக்கத்தில் ஒருநாள் இருந்தாலும் வந்து பதியுங்கோ, பதிஞ்சால் விட்டுவிடுவம் என்று. ரூபனை இயக்கம் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்தது பதினொரு நாள். அவன் போகமாட்டேன் என்றான். சிவயோகம்தான் சொன்னாள், "பொய் சொல்லிப் பிறகு பிடிபட்டால் கரைச்சல், ராசா, போய்ப் பதிஞ்சுபோட்டு வா." எங்கிருந்தோ கிடைத்த ஒரு பிடி அரிசியைக் கஞ்சியாக்கி வைத்திருந்தாள், இரண்டு நாள் பட்டினிப் பிள்ளை அதைப் பார்த்தான், அவள் விடவில்லை, "வரிசை நீண்டுபோகும், முதல் பதிஞ்சுபோட்டு வந்து குடி." அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போன திசையைப் பார்த்தபடி அவள் கஞ்சிச் சட்டியோடு நின்றாள்; ஆறிப்போன பிறகும் நின்றாள்.

இப்போது விளங்குகிறதா, அவளுக்கு அந்த நாலாவது கூடு என்னவென்று? அவன் இருக்கிறான் என்றால் அவள் ஒரு தாய், பிள்ளையைக் கொஞ்சக்காலம் பிரிந்திருக்கிற தாய். அவன் இல்லையென்றால் அவள் தன் கையாலே பிடித்துக் கொடுத்தவள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டு மாதான் இருந்தது.

சனத்துக்குச் செய்தி பரவ இரண்டு கிழமைகூட எடுக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு மறைத்து வைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம், சைவமென்ன கிறிஸ்தவ வேதமென்ன என்று பாராமல், பெல்லெகிரீனோ மலைக் கோயிலுக்கு ஏறி, புனிதை ரொசாலியம்மாவைக் கும்பிட்டு இறங்குகிற வழக்கம். அந்த மலை இறக்கத்தில்தான் அன்னமுத்து முதலில் கேட்டாள். அன்னமுத்துவின் தம்பியும் அதே வெட்டையில் பஸ் ஏறினவன்.

"யோகமக்கா, எங்களுக்கும் ஒருக்காக் குழைச்சுப் பாருங்கோவன்."

குழைத்தாள். அன்னமுத்து வீட்டில் ஐந்து பேர், ஐந்து பிடி, ஆறு கூடு. அன்னமுத்து அந்த ஆறாவது கூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படியெல்லாம் ஓடி ஓடிக் கத்தினாள், கீழ்வீட்டு இத்தாலிக்காரன் நெருப்புப் பிடித்துவிட்டது என்று வாளியோடு வந்தான்.

அதற்குப் பிறகு கேட்கவா வேணும்! கணவனைத் தொலைத்தவள், மகளைத் தொலைத்தவள், இரண்டு அண்ணன்மாரையும் ஒரே நாளில் தொலைத்தவள், எல்லோரும் ஆளாளுக்கு மாப்பையோடு வந்தார்கள். வேறு ஆட்கள் தாங்களே குழைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை, சிவயோகத்தின் கை பட்டால்தான் வந்தது. ஒருத்தி இடியப்பத்தில் செய்து பார்க்கச் சொன்னாள், ஊர் முறையில் வந்தால் இன்னும் திறம் அல்லவா என்று. அதிலும் வரவில்லை, வரமாட்டாதுதானே, இடியப்பத்தை ஆர் தலைக்கு எண்ணி அவிக்கிறது! ரொசாலியம்மாவின் புதுமை என்று வேதக்காரர் சொன்னார்கள், அம்மாளாச்சியின் அருள் என்று சைவக்காரர் சொன்னார்கள், சங்கத் தலைவர் நடேசர் இரண்டுபேரையும் சமாளித்துச் சுவரில் இரண்டு படமும் கொழுவச் சொன்னார். ஞாயிறு மலையிறங்கிய கையோடு சிவயோகம் வீட்டில் கூடுவது என்றானது. கூடு வைத்ததும் துணியின் மறுபாதியால் மூடவேண்டும், எல்லோரும் படங்களைப் பார்த்துத் திரும்பி நின்று மூன்றுதரம் தேவாரமோ செபமோ வருகிறதைச் சொல்லவேண்டும், பிறகு துணியை விலக்கி எண்ணவேண்டும். கூட வந்த கூட்டை, அன்றைக்கு எல்லாத் துணியும் பார்த்து முடிந்த கையோடு, அங்கேயே அவித்து, தொலைந்த ஆளுக்காக அந்த வீட்டுக்காரி சாப்பிடவேண்டும், அந்தப் பசி அப்படியாவது ஆறட்டும் என்று. இவ்வளவும் ஒருவரும் இருந்து யோசித்துச் செய்த சட்டமில்லை, தானாக வந்து சேர்ந்தது. ஒரு வருஷத்தில் நாற்பது வீடு.

கூட வருகிற கூடு உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரும்? ஊரில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுவது ஆருக்கு? வழியில் வருகிறவனுக்கு. "செத்தவைக்குப் படையல் வேறை, அது நாங்கள் நினைச்சு வைக்கிறது," என்று சிவயோகம் எல்லோருக்கும் விளங்கப்படுத்துவாள். "இது தானா வருது. ஆரோ வழியிலை வந்துகொண்டிருக்கினம்." நாற்பது வீட்டுப் பெண்களும் தலையாட்டினார்கள். அவர்களுடைய முகங்களில் சதை பிடித்தது. கடும் நிறச் சேலைகளை மறுபடி உடுத்தத் தொடங்கினார்கள். அவர்கள் வேலை செய்த வீட்டு இத்தாலிக்காரிகளே கேட்டார்களாம், உங்கடை நாட்டிலை ஏதும் நல்ல செய்தியோ என்று.

தர்மகுலம் மட்டும் ஒதுங்கி நின்றார். உணவுச்சாலையில் கோப்பை கழுவிக் கழுவிக் கைத்தோல் வெளுத்த மனுஷன், அதிகம் கதைக்கமாட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "யோகம், அவனுக்கு ஒருக்கா எள்ளுந் தண்ணியும் இறைச்சுவிடுவமே?" என்று மெல்லக் கேட்டார். சிவயோகம் அவருடைய கோப்பையைப் பறித்துத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கோ? நீங்கள் ஒரு தேப்பனே?" அன்றோடு அந்தக் கதை அந்த வீட்டில் முடிந்தது.

கூடு வராமல் போனது ஒரே ஒருத்திக்கு. இந்துமதி. முப்பத்தைந்து வயது, பிள்ளை குட்டி இல்லை, புருஷன் சேகரன் சண்டை முடிந்த கையோடு காணாமல் போனவன். ஒரு தலை, ஒரு பிடி, துணியை விலக்கினால் ஒரே கூடு. மறு ஞாயிறும் ஒன்று. அதற்கு மறு ஞாயிறும் ஒன்று. மூன்றாந்தரம் விலக்கியபோது அந்தப் பெண் அந்த ஒற்றைக் கூட்டைப் பார்த்தபடி மெல்லத் தன் கையாலேயே பொட்டை அழித்தாள். பெண்கள் சூழ்ந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். மொண்டெல்லோக் கடற்கரையில், வெள்ளைக்காரர் வெயில் காய்ந்துகொண்டிருக்க, சேகரனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். சிவயோகமும் போய் நின்று அழுதாள். அழுதாள்தான், பொய்யில்லை. ஆனால் அடிமனதில், என்ரை பிள்ளைக்கு இப்பிடி வரேல்லை என்று ஒரு சின்ன நிம்மதி இருந்தது, அதற்காகத் தன்னையே தூ என்று காறித் துப்பிக்கொண்டாள்.

அப்படியே மூன்று வருஷம் போனது. மூன்று வருஷமும் இந்துமதி வெள்ளைச் சேலையோடு வந்து, மற்றவர்களின் துணி விலகும்போது மூலையில் நின்று கைதட்டினாள்.

ஒரு ஞாயிறு காலை, இரண்டு துணி பார்த்து முடிந்து மூன்றாவதுக்கு மா விரித்துக்கொண்டிருக்கும்போது, இந்துமதியின் கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத நம்பர், எந்த நாட்டினது என்றுகூடத் தெரியவில்லை. காதில் வைத்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்த அன்னமுத்து, "என்னடி, ஆர்?" என்றாள்.

"அவர்," என்றாள் இந்துமதி. "இவர்... அவர்தான் கதைக்கிறார்."

சேகரன்தான். படகேறிப் போனவனை எங்கோ தூர தேசத்துக் கடற்கரையில் பிடித்து, வேறொருவன் பெயரில் வருஷக்கணக்காகச் சிறையில் வைத்திருந்து, விட்ட பிறகும் அடையாளக் கடுதாசி ஒன்றுமில்லாமல் பயந்து பயந்து ஒளித்திருந்து, இப்போதுதான் ஆரிடமோ நம்பர் தேடிப்பிடித்து எடுத்திருக்கிறான். இந்துமதி நிலத்தில் உருண்டாள். அழுதாள், சிரித்தாள், தொலைபேசியைக் கொஞ்சினாள். பெண்களெல்லாம் அவளை வாரித் தூக்கினார்கள், ஆரோ தன் நெற்றிப் பொட்டைக் கழற்றி அவளுக்கு ஒட்டினாள், ஆரோ சீனி அள்ளி எல்லோர் வாயிலும் போட்டாள். ஐயோ, அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! வீடே ஆடியது.

பிறகு, சீனி வாயில் கரைந்துகொண்டிருக்கும்போதே, ஒவ்வொருத்தியாகச் சத்தம் அடங்கினார்கள். முதலில் அன்னமுத்து. அவள் கண் மேசையில் இருந்த தன் துணிக்குப் போனது, ஐந்து பேருக்கு ஆறு கூடு. அடுத்தவளும் தன் துணியைப் பார்த்தாள். கூடு வராதவன் உயிரோடு இருக்கிறான். அப்படியென்றால்? அந்த அறையில் இந்துமதியின் குரல் மட்டும், "சாப்பிட்டியளே? என்ன சாப்பிட்டியள்? வடிவாச் சாப்பிடுறியளே?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தது.

திங்கட்கிழமை சிவயோகம் வேலைக்குப் போனதும் போகாததுமாக, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நுன்சியாவின் முன்னால் போய் நின்றாள்.

"சின்யோரா, அந்த முதல்நாள் சிலுவை போட்டீர்களே. ஏன் போட்டீர்கள்?"

நுன்சியா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தாள்.

"சொல்லுங்கள்."

"உட்கார், யோகா."

"உட்காரமாட்டேன். சொல்லுங்கள்."

"எங்கள் ஊரில் நவம்பரில் ஒருநாள் மேசை போடுவோம்," என்றாள் கிழவி. "செத்தவர்களுக்கு. தட்டு, கரண்டி, வைன், எல்லாம் வைத்துவிட்டுப் படுப்போம். அவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மேசை போட ஆளில்லாத செத்தவர்களும் இருக்கிறார்களே, அடக்கம் செய்யாதவர்கள், ஒரு வாய் கொடுத்து அனுப்பாதவர்கள், அவர்கள் எங்கே போவார்கள்? பெற்றவள் கை மா குழைத்தால் அதற்குள் வந்துவிடுவார்கள். என் அம்மாவின் கையில் வந்தது, கடலில் போன என் அண்ணனுக்கு. அம்மா அவனுக்கு மேசை போட்ட பிறகுதான் நின்றது."

"என் கையில் மற்றவர்களுக்கும் வருகிறதே."

"ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தால் தெருவில் நிற்கிற பசிக்காரர் எல்லோரும் வருவார்கள்தானே."

"உங்களுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமும் தெரிந்திருந்தது."

"நீ சிரித்தாய், யோகா," என்றாள் நுன்சியா, அவளுடைய வாய் கோணிக்கொண்டு போனது. "மகன் இருக்கிறான் என்று வந்து சொன்னாயே, இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் சிரித்தாய். எனக்கு வாய் வரவில்லை."

சிவயோகம் அன்று குனிந்து நிலம் துடைத்தாள், உடுப்பு மடித்தாள், கிழவிக்குக் கால் கழுவிவிட்டாள், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் பல்லாரோச் சந்தையில் கத்திரிக்காய் கூவி விற்கிறான், மீன் கூவி விற்கிறான், அவளுக்கு ஒலிபெருக்கிச் சத்தம்தான் கேட்டது. பஸ் ஏறின அன்றைக்கே செத்தானோ, அடுத்த நாளோ, ஆருக்குத் தெரியும். வயிறு காயச் செத்தான். அவள்தான் அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தாள். கூடு வந்த நாற்பது பேரும் வந்தார்கள். அதே மாப்பை, அதே துணி, கொஞ்சம் கூடுதலாகவே பூ வைத்திருந்தார்கள். சேகரனைப் பற்றி ஒருத்தியும் கதைக்கவில்லை, அப்படி ஒருத்தன் பிறக்கவே இல்லை என்கிற மாதிரி. இந்துமதி மட்டும் வரவில்லை. நடேசர் போய், "பிள்ளை, நீர் இப்ப கொஞ்சக் காலம் வராமல் விட்டால் நல்லது, சனத்துக்குக் கண்ணூறு கிண்ணூறு," என்று நல்ல வார்த்தையில் சொல்லிவிட்டு வந்தாராம். வெள்ளைச் சேலையோடு மூன்று வருஷம் மூலையில் நின்றவளுக்கு இடமிருந்தது, பொட்டு வைத்தவளுக்கு இடமில்லை. சந்தையில் அவளைக் கண்டால் பெண்கள் மறுபக்கத்தால் போனார்கள். கோபமில்லை, பயம். உயிரோடு இருக்கிற ஒருத்தனைப் பற்றிக் கேட்கிற தைரியம் ஒருத்திக்கும் இல்லை.

"குழையுங்கோ அக்கா," என்றாள் அன்னமுத்து. அவளுடைய கண் சிவயோகத்தின் கண்ணைக் கெஞ்சியது. எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சிவயோகம் குழைத்தாள். கூடு வந்தது. "இருக்கிறான்!" என்று அன்னமுத்து கத்தினாள், முந்தியைவிடப் பலமாக. சிவயோகமும் "ஓம், இருக்கிறான்" என்றாள். அதையே நாற்பது தரம் சொன்னாள். சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போனது. தானும் தன் நாலாவது கூட்டை அவித்து ரூபனுக்காகச் சாப்பிட்டாள். உண்மையைச் சொன்னால் நாற்பது வீட்டில் ஒரே நாளில் செத்தவீடு. சொல்லாவிட்டால் இந்த வேஷம், சாகுமட்டும்.

இப்படியிருக்க, கார்த்திகை பிறந்த முதல் ஞாயிறு, தூரத்து ஊரிலிருந்து ஒருத்தி வந்தாள். ஜெயதர்சினி என்று பெயர், இளம்பெண், எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் வந்திருக்கிறாள், மடியில் ஒன்பது வயது மகள். புருஷன் மயூரனைக் காணவில்லை. அவளுக்குச் சேகரன் கதையெல்லாம் தெரியாது. சனம் சொன்னது மட்டும்தான் தெரியும்: யோகமக்கா குழைத்தால் கூடு வரும், வந்தால் ஆள் இருக்கிறார்.

"அக்கா, வரும்தானே?" என்று கேட்டாள். "எனக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாம். இருக்கிறார் எண்டு தெரிஞ்சால் காணும், அதுவே போதும். இருக்கிறார் எண்டால் நான் எவ்வளவு காலமும் இருப்பன்."

"இல்லையெண்டால்?" என்று சிவயோகத்தின் வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

ஜெயதர்சினி மகளின் தலையைத் தடவினாள். "இல்லையெண்டால் தேடுறதை நிப்பாட்டுவன், அக்கா. ஏலாது இனி."

வழக்கம்போல் சிவயோகம் முதலில் தன் வீட்டுக்குக் குழைத்துத் துணியில் வைத்திருந்தாள், சன்னல் பக்கம், மூன்று தலைக்கு நாலு கூடு, எல்லோரும் பார்த்ததுதான். பிறகு ஜெயதர்சினியின் மாவை எடுத்தாள். இரண்டு தலை, இரண்டு பிடி. குழைத்தாள், மூடினாள், விரித்தாள், சுருட்டினாள், வெட்டினாள். இரண்டு கூடு சுற்றி வைத்து, துணியின் மறுபாதியால் மூடினாள். எல்லோரும் படங்களுக்குத் திரும்பினார்கள். தேவாரம் தொடங்கியது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் முன்கூட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கை தானாகத் துணியின் நுனியைத் தூக்கியது.

இரண்டு.

இரண்டேதான். மயூரன் எங்கோ இருக்கிறான். மூச்சு விட்டுக்கொண்டு, ஏதோ ஒரு மூலையில், சாப்பிட்டோ சாப்பிடாமலோ, உயிரோடு இருக்கிறான். இன்னும் இரண்டு தேவாரத்தில் இந்தத் துணி விலகும், இந்தப் பெண் பொட்டை அழிப்பாள், நாற்பது பேரும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள், உயிரோடு இருக்கிறவனுக்குக் கடற்கரையில் எள்ளிறைப்பார்கள், அவள் தேடுவதை நிறுத்திவிடுவாள். ஐயோ, ஒருத்தி தேடினால் அகப்படக்கூடிய ஆள்! சொல்லிவிடு, யோகம், வாயைத் திறந்து சொல்லிவிடு. அவள் நாற்பது முதுகையும் பார்த்தாள். அன்னமுத்துவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது, தேவாரத்தில் ஒரு வரியும் வராமல் அழுதுகொண்டிருந்தாள். ஒரு சொல் போதும், அந்த முதுகுகள் எல்லாம் அப்படியே நிலத்தில் விழும். வாய் வரவில்லை.

இரண்டாந் தேவாரம் முடிகிறது. சிவயோகம் சன்னல் பக்கம் ஓரடி வைத்தாள். தன் துணியில் கை வைத்தாள். நாலும் ஒரே மாதிரித்தான் இருந்தன, இருந்தும் அவளுக்குத் தெரிந்தது எது என்று. மற்றவை அவள் சுற்றியவை, அது அவள் சுற்றாதது. அதைக் கையில் எடுத்தபோது இளஞ்சூடாக இருந்தது. ஒரு கணம் கன்னத்தில் வைத்தாள். "மன்னிச்சுக்கொள், ராசா," என்று உதட்டால் மட்டும் சொன்னாள், மூன்றாந் தேவாரம் முடிவதற்குள் அதை ஜெயதர்சினியின் துணிக்குள் வைத்து மூடினாள்.

துணியை விலக்கினார்கள். மூன்று.

ஜெயதர்சினி போட்ட சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகளைத் தூக்கிச் சுற்றினாள், "அப்பா இருக்கிறாரடி, அப்பா இருக்கிறார்!" பெண்கள் குரவையிட்டார்கள். இவ்வளவு நாளும் வேஷமாய்ப் போட்ட குரவை, அன்றைக்கு என்னவோ உண்மையாகவே வந்தது.

"அக்கா," என்றது ஒரு குரல். அன்னமுத்து. அவள் சன்னல் பக்கம் நின்றாள். "அக்கா... உங்கடையிலை மூண்டுதான் கிடக்குது."

குரவை நின்றது. எல்லோரும் வந்து எண்ணினார்கள். ஒருத்தி விரலால் எண்ணினாள், இன்னொருத்தி மேசைக்குக் கீழே விழுந்து கிடக்கிறதா என்று குனிந்து தேடினாள். காலையில் நாலு இருந்ததே, நாங்கள் எல்லோரும் கண்டோமே. மூன்று தலைக்கு மூன்று கூடு. சனத்தின் சட்டப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அன்னமுத்து சிவயோகத்தின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஜெயதர்சினியின் துணியைப் பார்த்தாள். மறுபடி சிவயோகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ, அவள் ஒருநாளும் சொல்லவில்லை. கிட்ட வந்து சிவயோகத்தைக் கட்டிப்பிடித்து, முதல் குரலை அவள்தான் எடுத்தாள்.

"ஐயோ, என்ரை அக்கா! எங்கடை ரூபன் போயிட்டானே!"

நடிக்கத்தான் வேண்டியிருக்கும் என்று சிவயோகம் நினைத்திருந்தாள். நடிக்க ஒன்றும் இருக்கவில்லை. இத்தனை வருஷம் இறுகிக் கிடந்தது வயிற்றிலிருந்து கிளம்பி வாயால் வந்தது, அவளே பயந்துபோனாள் அந்தச் சத்தத்துக்கு. "நான்தானே அனுப்பினனான், நான்தானே போகச் சொன்னனான்!" என்று நெஞ்சில் அடித்தாள். நாற்பது பெண்களும் அழுதார்கள், ரூபனின் பெயரைச் சொல்லி அழுதார்கள், ஆனால் ஒவ்வொருத்தியும் ஆரை நினைத்து அழுதாள் என்று கேட்கவா வேணும். தங்கள் வீட்டில் அழமுடியாததை எல்லாம் அந்த வீட்டில் கொண்டுவந்து கொட்டினார்கள். தர்மகுலம் பக்கத்து அறையிலிருந்து வந்தார். மேசையைப் பார்த்தார், மூன்று கூட்டையும் எண்ணினார். மனுஷன் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, வெளுத்த கையால் அவளுடைய கையைப் பிடித்தார்.

"நாளைக்கு இறைப்பம், அப்பா," என்றாள் அவள். "எள்ளு வாங்குங்கோ."

அழுகை ஓயக் கனநேரம் எடுத்தது. உலை கொதித்துப் பாதியாக வற்றிவிட்டது. ஜெயதர்சினி தன் மூன்றாவது கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கி நின்றாள், தன் சந்தோஷத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல்.

"அக்கா, நான் இதை வீட்டை கொண்டுபோய்ப் பிறகு..."

"இல்லைப் பிள்ளை, கொண்டா," என்றாள் சிவயோகம். எழும்பினாள், முகத்தைத் துடைத்தாள், உலைக்குத் தண்ணீர் விட்டாள், மறுபடி கொதித்ததும் உப்புப் போட்டாள். அந்தக் கூட்டைத் தானே வாங்கித் தண்ணீரில் மெல்ல இறக்கி, பிரிந்து மேலே வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்று, வடித்து, எண்ணெய் விட்டு, கோப்பையில் போட்டுக் கதிரையை இழுத்து அவளை இருத்தினாள்.

"சாப்பிடு."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க அந்தப் பெண் கூச்சத்தோடு முதல் வாயை வைத்தாள்.

"உப்புக் காணுமே?" என்று சிவயோகம் கேட்டாள்.

"காணும், அக்கா."

"மிச்சம் விடாமல் சாப்பிடு, பிள்ளை," என்றாள் சிவயோகம், கோப்பை வெறுமையாகும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.